தேயப்போகிற பலகைக்குப் படம் போடுவது எப்படி

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்கு மேல் தெருவில் இருக்கிற பையன் ஒருவன் ஸ்கேட்போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான். "அண்ணே, இதுக்கு அடியில ஒரு மண்டை ஓடு வரைஞ்சு குடுங்கண்ணே, வாயில நெருப்பு வர்ற மாதிரி." எனக்குத் தொழிலே போர்டு எழுதுவதுதான். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பாதி வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது என்றாலும் மண்டை ஓடெல்லாம் அரை மணி நேர வேலை. ஆனால் குன்னூரில் உட்கார்ந்துகொண்டு, கலிஃபோர்னியாக்காரர் நாற்பது வருஷத்துக்கு முன்னால் வரைந்த மண்டை ஓட்டை நாம் எதற்கு மறுபடி வரைய வேண்டும் என்று கேட்டேன். "அப்ப என்னண்ணே வரையறது?" என்றான். அதற்குப் பதில் கண்டுபிடிக்க மூன்று ஞாயிறு ஆனது. அவனுக்குச் சொன்னதையும், அவனால் நான் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பலகையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ஸ்கேட்டிங் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, எனக்கே தெரியாது. ஒரே ஒரு முறை ஏறினேன், மணிக்கட்டு இன்னும் குளிருக்கு வலிக்கிறது.

மண்டை ஓடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் பவல் பெரால்டா என்ற ஸ்கேட்போர்டு கம்பெனிக்கு வெர்னன் கோர்ட்லண்ட் ஜான்சன் என்ற ஓவியர் வரைந்த எலும்புக்கூடுகளும் மண்டை ஓடுகளும் அப்படிப் பரவின. பேர்போன ஸ்கேட்டர் டோனி ஹாக்கின் பலகையில் இருந்த பறவை மண்டை ஓடும் அவர் கை வேலைதான். அங்கிருந்து டீ-சர்ட், ஹெல்மெட், ஸ்கூல் பை என்று போய், கடைசியில் நம் ஊர் பைக்கின் பெட்ரோல் டேங்க் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல படங்கள், குறை சொல்லவில்லை. அவை அவருடைய படங்கள், அவ்வளவுதான்.

பலகையைத் திருப்பிப் பாருங்கள்

புதுப் பலகை வாங்காதீர்கள். ஓட்டி ஓட்டி முனை மழுங்கிய பழைய பலகை ஒன்று யாரிடமாவது இருக்கும்; பெங்களூரில் படிக்கிற பையன்கள் லீவுக்கு வரும்போது கேட்டுப் பாருங்கள், அல்லது கோவளம், மாமல்லபுரம் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் அங்கே. இப்போது வருகிற பலகை பெரும்பாலும் மேப்பிள் மரத்தை ஏழு அடுக்காக ஒட்டி வளைத்தது, அகலம் ஏறக்குறைய 8 அங்குலம், நீளம் 31, 32 அங்குலம். அடியில் சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு பாகத்துக்கு ட்ரக் என்று பெயர். முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று எட்டு போல்ட். கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், நட்டு ஒன்று தொலைந்தால் இங்கே கிடைக்காது.

இப்போது பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வால் பக்கத்தின் கடைசி இரண்டு அங்குலம் மரம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும், ஏனென்றால் துள்ளுவதற்கு அந்த வாலைத்தான் தரையில் அடிக்கிறார்கள். இரண்டு ட்ரக்குக்கும் நடுவே குறுக்குக் குறுக்காகக் கோடுகள், சில இடத்தில் சிமெண்ட் சாம்பல் நிறத்தில் அப்படியே ஏறியிருக்கும். அது நடைமேடை விளிம்பில் பலகையின் வயிற்றால் சறுக்கியதன் தழும்பு. ட்ரக் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் நேற்று வாங்கியது போல இருக்கும். சக்கரத்துக்கு நேர் மேலே சில சமயம் பிறை வடிவத்தில் ஒரு கறுப்புத் தடம், திரும்பும்போது சக்கரம் உரசியது.

இந்தத் தழும்புகளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபண்ட் என்ற பையன் 1970-களின் கடைசியில் கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்பக் கண்டுபிடித்தான், அவன் பட்டப்பெயரான ஓலி என்பதே அந்த வித்தைக்கும் பெயராகிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் என்ற ஸ்கேட்டர் அதைச் சமதரையில் செய்து காட்டினார். அதன் பிறகு தெருவில் இருக்கிற படி, கைப்பிடி, திட்டு எல்லாவற்றிலும் ஏறலாம் என்றாகிவிட்டது, ஏறினால் அடியில் இருக்கிற படம் தேயும். படத்தைக் காப்பாற்றுவதற்கென்றே பலகையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பட்டை வைத்து ஸ்குரு அடித்த காலம்கூட உண்டு. பிறகு அதையும் கழற்றி எறிந்துவிட்டார்கள், தேய்ந்தால் தேயட்டும் என்று.

ஆகவே பென்சில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பலகை மேல் வைத்து வெளிக்கோடு வரைந்துகொண்டு, எங்கெங்கே தேயும் என்று அதில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் முகமும் கண்ணும் எழுத்தும் அந்தக் கோடு போட்ட இடத்தில் வந்தால் ஒரு மாதத்தில் காணாமல் போகும், அதைத் தெரிந்தேதான் வைக்க வேண்டும்.

என்ன வரைவது

இதில்தான் பையனுக்கும் எனக்கும் ஒரு முழு ஞாயிறு போயிற்று. நான் அவனைக் கூட்டிக்கொண்டு மேல் குன்னூரிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இறங்கினேன். நான் கடை போர்டுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவன் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. "இந்தப் படி ஆறு இருக்குண்ணே, கீழ இடமில்ல." "இந்தச் சாக்கடை மூடி ஸ்லாப் வழவழன்னு இருக்கு, ஆனா ஆடும்." "இந்தத் திட்டு சரியான உயரம், பாட்டி கீரை விக்கிற நேரம் தவிர." இருபது வருஷமாக நடக்கிற வழியில் இத்தனை இருப்பது எனக்குத் தெரியாது. இறக்கத்தில் மட்டும் ஓட்டமாட்டேன் என்று அவனே சொன்னான், நம் ஊரில் அது ரொம்ப முக்கியம். ஊசிமுனை வளைவில் லாரிக்கு எதிரே பலகையில் இறங்குகிற வீடியோ பார்த்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம், மலைச்சாலையில் பிரேக் இல்லாத வண்டிக்கு இடம் கிடையாது.

கட்டடத்தைக் கட்டியவர் நினைக்காத ஒரு உபயோகம் இந்தப் பிள்ளைகள் கண்ணுக்குத்தான் படுகிறது. கலிஃபோர்னியாவில் 1976, 77 வறட்சியில் தண்ணீர் வற்றிய நீச்சல் குளங்களுக்குள் இறங்கிச் சுவரில் ஏறினார்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் ஒரு கலையரங்கக் கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே சும்மா கிடந்த இடத்தை 1970-களிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். 2013-இல் அதைக் கடைகளாக மாற்றப்போகிறோம் என்றதும் பெரிய போராட்டமாகி, அடுத்த வருஷம் அந்த இடம் அவர்களுக்கே என்று முடிவானது. பார்சிலோனாவில் 1995-இல் திறந்த சமகாலக் கலை அருங்காட்சியகம் இன்னும் வேடிக்கை: உள்ளே ஓவியம் பார்க்க வருகிற கூட்டம் ஒன்று, வாசல் மேடையில் பலகை ஓட்ட உலகம் முழுவதிலிருந்தும் வருகிற கூட்டம் இன்னொன்று.

சரி, நம் வேலைக்கு வருவோம். நடந்து வரும்போது பத்துப் பொருளையாவது போனில் படம் எடுங்கள், அழகாக இருக்கிறதா என்று யோசிக்காமல். கறுப்பு வெள்ளை அடித்த சாலையோரக் கல், தேயிலைக் கூடை, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, வறுக்கி டப்பா, நனைந்த ஸ்வெட்டர் காய்கிற கொடி. எங்கள் பத்தில் இரண்டு நின்றது. ஒன்று, மலை ரயில் தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக இருக்கும் அந்த இரும்புச் சட்டம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் வண்டி வழுக்காமல் ஏறுவது அதன் புண்ணியத்தில்தான், இந்தப் பாதை 1899-லேயே குன்னூருக்கு வந்துவிட்டது. பலகையோ ஒல்லியாக நீளமாக இருக்கிறது, பல் சட்டமும் அப்படித்தான், வாலிலிருந்து மூக்கு வரைக்கும் நேராக ஏற்றிவிடலாம். இன்னொன்று காட்டுமாடு. குன்னூரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விடியற்காலையில் பால் வாங்கப் போனால் வாசலில் நிற்கும். உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. பையன் தன் காலைக் குனிந்து பார்த்தான், அவனும் வெள்ளை சாக்ஸும் கான்வாஸ் ஷூவும்தான். "அண்ணே, மாட்டுக்கு ஷூ போட்டுடலாமா?" மண்டை ஓடு அந்த நிமிஷத்தில் செத்தது.

கோடு தடிமனாக இருக்கட்டும்

ஸ்கேட்போர்டு படங்கள் ஏன் ஒரே ஜாடையாக, தடித்த கறுப்புக் கோடும் தட்டையான வண்ணமுமாக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அவற்றை அச்சடித்தது சில்க் ஸ்கிரீனில், நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கிற அதே முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம், ஒவ்வொரு சட்டத்துக்கும் காசு. நிறம் குறைவாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத இடத்தைக் கறுப்புக் கோடு மறைக்க வேண்டும். 1990-களின் கடைசியில் சூட்டில் ஒட்டுகிற பிளாஸ்டிக் படலம் வந்த பிறகு போட்டோகூடப் பலகையில் ஏறியது, ஆனால் அதற்குள் அந்தத் தடித்த கோட்டுக்கு எல்லோரும் பழகிவிட்டிருந்தார்கள். விளம்பரம், பொம்மை, பானக் கேன், எங்கே பார்த்தாலும் இன்று அந்தக் கோடு இருக்கிறது.

ஜிம் பிலிப்ஸ் 1985-இல் சான்டா குரூஸ் கம்பெனியின் சக்கரங்களுக்காக வரைந்த அலறும் கையை இணையத்தில் தேடிப் பாருங்கள். வெட்டுப்பட்ட நீலக் கை, உள்ளங்கையில் ஒரு வாய், அவ்வளவுதான். ஸ்டாம்பு அளவுக்குச் சிறியதாக்கினாலும் தெரிகிறது, சுவர் அளவுக்குப் பெரியதாக்கினாலும் தெரிகிறது. உங்கள் படத்துக்கும் அந்தப் பரீட்சையை வையுங்கள். தாளில் வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு இருபது அடி தள்ளிப் போய், கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சித்தப்பா பஸ் போர்டு எழுதும்போது இதைத்தான் செய்வார், பாதிக் கண்ணில் தெரியாத எழுத்து மழையில் தெரியாது என்பார். எங்கள் காட்டுமாடு முதலில் பாதிக் கண்ணுக்கு மூட்டை மாதிரி தெரிந்தது. கொம்பைப் பெரிதாக்கி, முதுகுத் திமிலை இன்னும் தூக்கி, கால்களுக்கு நடுவே இடைவெளி விட்ட பிறகுதான் மாடு ஆனது.

எழுத்து வேண்டும் என்றால் தமிழில் எழுதுங்கள், அதுவும் ஃபான்ட் இறக்காமல் கையால். மார்கரெட் கில்காலன் என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஓவியர் இருந்தார், 2001-இல் 33 வயதில் இறந்துபோனார். தெருக்கடைகளில் கையால் எழுதிய போர்டுகள் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. ஸ்கேலோ டேப்போ இல்லாமல் பெரிய சுவர்களில் எழுதுவார், கோடு கொஞ்சம் நடுங்கும், அந்த நடுக்கம்தான் அவருக்குப் பிடித்தது. அவரும் அவர் கணவர் பாரி மெக்கீயும், எட் டெம்பிள்டன், மார்க் கொன்சாலஸ் போன்ற ஸ்கேட்டர்களும் 1990-களில் நியூயார்க்கில் ஒரு சின்ன கேலரியில் படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். 2004-இல் சின்சினாட்டியின் சமகாலக் கலை மையம் இவர்களையெல்லாம் சேர்த்துப் பெரிய கண்காட்சியே வைத்தது. கில்காலனின் படங்களை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த நடுக்கத்தை மறைக்கத்தான் சித்தப்பா ஆயுசு முழுக்கப் பாடுபட்டார்.

பனிக்கு நடுவே பெயின்ட்

இனி கை அழுக்காகும் வேலை. பழைய படத்தைச் சுரண்ட வேண்டும். பிளாஸ்டிக் படலமாக இருந்தால் ஹேர் டிரையர் காட்டி, பட்டித்தகட்டால் மெதுவாக உரிக்கலாம். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அடுத்து 120, கடைசியில் 220, எப்போதும் மரத்தின் ரேகை ஓடுகிற திசையில். வாயில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூள் பொல்லாதது. தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து ஒரு மணி நேரம் காயவிட்டு, வுட் பிரைமர் மெல்லியதாக ஒரு கோட்.

கீழ்நாட்டில் இருக்கிறவர்களுக்கு இல்லாத ஒரு தொந்தரவு நமக்கு உண்டு, அதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில வருஷத்துக்கு முன் ஜூலை மாதம், என் முதல் பலகைக்குக் கடை போர்டுக்கு அடிக்கிற எனாமலையே அடித்தேன், பழகிய பெயின்ட் என்று. மாலையில் பனி இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரி இருந்தது, செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தேன். பிரித்தால் தாள் வரவில்லை. தண்ணீர் போட்டுத் தேய்த்து எடுத்தபோது மஞ்சள் பரப்பு முழுக்கச் செய்தி எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பது போலப் பதிந்திருந்தன, நடுவில் ஒரு பச்சைத் தேயிலை விலைப் பட்டியல். கோபம் ஆறிய பிறகு பார்த்தால் நான் வரைந்ததைவிட அது நன்றாக இருந்தது! இன்னும் கடையில் தொங்குகிறது, பார்க்கிறவர்கள் எப்படிச் செய்தேன் என்று கேட்கிறார்கள், நான் தொழில் ரகசியம் என்று சொல்லிவிடுகிறேன்.

அதனால் எனாமல் வேண்டாம், அக்ரிலிக் எடுங்கள், தண்ணீரில் கரைவது, சீக்கிரம் காயும். பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரைக்கும்தான் பெயின்ட் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வராண்டா இருக்கிற வீடென்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை முடிகிற வரை பொறுங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பேய் மழை. தை, மாசி எல்லோருக்கும் நல்லது, விடிகாலையில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் சுள்ளென்று இருக்கும். அவசரம் என்று விறகடுப்புப் பக்கத்திலோ ஹீட்டருக்கு முன்னாலோ காய வைக்காதீர்கள், பெயின்ட் கொப்பளிக்கும், டர்பன்டைன் வைத்திருந்தால் வீடே போகும். ஸ்ப்ரே கேன் குளிரில் சரியாகப் பீய்ச்சாது, சட்டைக்குள் கால் மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும், வெந்நீரெல்லாம் வேண்டாம்.

இப்போது அந்தத் தேய்மானம். நாங்கள் செய்தது இதுதான், நீங்களும் செய்து பாருங்கள். மாட்டின் வயிறு சரியாகப் பலகையின் நடுவே, சறுக்கிச் சறுக்கித் தேயும் இடத்தில் வருகிறது. அங்கே முதலில் நல்ல சிவப்பு இரண்டு கோட் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். அதன் மேல் மாட்டின் கறுப்பு ஒரே ஒரு கோட், மெல்லியதாக. பார்க்கிறவர்களுக்குக் கறுப்பு மாடுதான் தெரியும். ஓட்ட ஓட்டத்தான் சிவப்பு வெளியே வரும், எந்தத் திட்டில் எந்தக் கோணத்தில் சறுக்கினானோ அந்தக் கோணத்தில். கால்களை ட்ரக்குக்குப் பக்கத்தில் வைத்தோம், ஷூவும் சாக்ஸும் பிழைத்துக்கொள்ளும். வால் முனையில் ஒன்றும் வரையவில்லை, பல் சட்டத்தின் கடைசிப் பல்லைப் பாதியில் விட்டுவிட்டோம்.

எல்லாம் காய்ந்ததும் நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட் போதும். மூன்று கோட் போட்டால் பளபளக்கும், ஆனால் தேய வேண்டியது தேயாமல் சில்லுச் சில்லாகப் பெயரும்.

ஸ்டென்சில், நம் ஊர் வழி

பல் சட்டத்தில் ஒரே மாதிரி நாற்பது பல். கையால் வரைந்தால் பைத்தியம் பிடிக்கும், அதற்கு ஸ்டென்சில். இது ஏதோ அமெரிக்கத் தெருக்கலை என்று நினைக்க வேண்டாம். தேயிலையைப் ப்ளைவுட் பெட்டியில் அனுப்பிய காலத்தில் ஒவ்வொரு ஃபேக்டரியிலும் தகட்டில் வெட்டிய எழுத்துகள் இருந்தன; எஸ்டேட் பெயர், பி.ஓ.பி., டஸ்ட் என்று ரகம், எடை எல்லாவற்றையும் பெட்டி மேல் வைத்துக் கறுப்பு மையைப் பிரஷ்ஷால் குத்துவார்கள். பழைய சாமான் கடையில் இன்னும் அந்தப் பெட்டிப் பலகை கிடைக்கும். ஸ்கேட்போர்டு கிடைக்காதவர்கள் அதையே வெட்டி வரையலாம், சுவரில் மாட்ட.

பழைய எக்ஸ்ரே ஷீட் ஸ்டென்சிலுக்கு அருமையான பொருள், வளையும், கிழியாது, பெயின்ட்டைத் துடைத்துவிட்டு மறுபடி உபயோகிக்கலாம். புது பிளேடு போட்ட கட்டரால், உங்கள் பக்கம் இழுத்து வெட்டாமல் ஷீட்டைத் திருப்பித் திருப்பி வெட்டுங்கள். தமிழ் எழுத்து வெட்டும்போது ஒரு சிக்கல் வரும். ட, ப, ய, ர போலத் திறந்த எழுத்துகள் சாது. க, த, ண, ழ மாதிரி வயிறு மூடிய எழுத்துகளை வெட்டினால் உள்வட்டம் கழன்று கையில் வந்துவிடும், ஆகவே வட்டத்தை வெளிப்பக்கத்தோடு சேர்க்க ஒரு நூல் அகலத்துக்குப் பாலம் விட வேண்டும். அந்தப் பாலத்தை எங்கே விடுகிறீர்கள் என்பதில்தான் எழுத்தின் அழகே இருக்கிறது, நாலைந்து விதம் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். பெயின்ட்டைத் தடவாதீர்கள், அது அடியில் கசியும்; ஸ்பாஞ்சில் தொட்டு, தாளில் ஒத்தி எடுத்து, மிச்சத்தை மட்டும் குத்துங்கள்.

ஷெப்பர்ட் ஃபேரி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1989-இல் ரோட் ஐலண்டில் டிசைன் படித்துக்கொண்டு, ஒரு ஸ்கேட்போர்டு கடையில் வேலை பார்த்தவர். நண்பருக்கு ஸ்டென்சில் வெட்டச் சொல்லிக்கொடுக்கும்போது செய்தித்தாளில் மல்யுத்த வீரர் ஆந்த்ரே படம் கண்ணில் பட, அதை வைத்து ஒரு ஸ்டிக்கர் செய்தார். அது ஊர் ஊராக ஒட்டப்பட்டு, பிறகு துணி வியாபாரமாகி, 2008-இல் அதே கை ஒபாமாவின் சிவப்பு நீலச் சுவரொட்டியை வரைந்தது. அந்தச் சுவரொட்டிக்கு எடுத்துக்கொண்ட போட்டோ ஒரு செய்தி நிறுவனத்துடையது, அது வழக்காகி 2011-இல் சமரசத்தில் முடிந்தது. அதனால்தான் மேலே சொன்னேன், படத்தை நீங்களே எடுங்கள் என்று. காட்டுமாட்டை மட்டும் ஜூம் போட்டுத் தூரத்திலிருந்து எடுங்கள்.

எடுக்கிற விஷயத்தில் இன்னொன்று. இந்த உலகத்தில் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பது தீராத பஞ்சாயத்து. 1994-இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்ற ஸ்கேட்போர்டு கடையின் சிவப்புப் பெட்டியும் வெள்ளைச் சாய்வெழுத்தும் பார்பரா க்ரூகர் என்ற ஓவியரின் படங்களைப் பார்த்து வந்தவை. க்ரூகர் செய்ததோ வாங்கு வாங்கு என்கிற வியாபாரத்தைக் கிண்டல் செய்கிற வேலை! நம் மலையில் இந்த ஆசை வேறு மாதிரி வரும். தோடர்கள் போர்த்துகிற பூத்துக்குளி என்ற சால்வையில் வருகிற சிவப்பு கறுப்புப் பூவேலை பலகைக்கு அப்படியே பொருந்தும் போலத் தோன்றும். அது இழையை எண்ணி எண்ணித் துணியிலேயே பெண்கள் தைப்பது, 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறும்பர் ஓவியமும் அப்படித்தான், வழிபாட்டோடு சேர்ந்தது. அவர்களில் ஒருவர் தன் பலகைக்குப் போட்டால் அது அவர் வீட்டுச் சொத்து. நீங்களும் நானும் போட வேண்டுமானால் கேட்டு, அவர்களையே வரையச் சொல்லி, கூலி கொடுத்துப் போட வேண்டும். பாறையில் எழுதிப் பழகுவதும் வேண்டாம். வெள்ளரிக்கொம்பை எழுத்துப்பாறையில் பழைய ஓவியங்கள் இருக்கிற மலை இது.

சுவருக்கும் அதே கணக்குதான், வீட்டுக்காரரிடமோ நகராட்சியிடமோ கேட்டுவிட்டு. சென்னை கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய முகங்கள் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், கேட்டு வரைந்தால் அந்த அளவுக்குப் பண்ணலாம்.

மீதமான ஸ்டென்சிலை வீணாக்காதீர்கள். ஸ்டிக்கர் தாளில் குத்தி நண்பர்களுக்குக் கொடுங்கள், அல்லது ஏ4 தாள் இரண்டையோ நான்கையோ மடித்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்து எட்டு, பதினாறு பக்கத்தில் ஒரு குட்டிப் பத்திரிகை போடுங்கள், ஜெராக்ஸ் கடையில் பத்துப் பிரதி. பக்கம் கோணலாக வந்தாலும் விடுங்கள். டேவிட் கார்சன் என்பவர் 1980-களில் ஒரு ஸ்கேட்போர்டு பத்திரிகைக்குப் பக்கம் கட்டியவர். பிறகு 1990-களில் ஒரு இசைப் பத்திரிகையில், ஒரு பாடகரின் பேட்டி சலிப்பாக இருக்கிறது என்று அதை முழுக்க எழுத்தே இல்லாத குறிகளால் ஆன ஃபான்ட்டில் அடித்துவிட்டார். உலகம் முழுக்க டிசைன் கல்லூரிகளில் இன்றும் அதைக் காட்டுகிறார்கள். எங்கள் சித்தப்பா செய்திருந்தால் கடைக்காரர் காசு கொடுத்திருக்கமாட்டார்.

ட்ரக்கை மாட்டும்போது போல்ட்டை ஒரேயடியாக முறுக்காமல் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், புது வார்னிஷ் நசுங்காது. ஓட்டுவதற்கு முன்னால் பலகையைச் சுவரில் சாய்த்து, நேராக நின்று, பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு வாரம் ஒன்று, அதே சுவரில், அதே தூரத்தில். 2019 ஜனவரியில் சுப்ரீம் பலகைகள் 248-ஐ மொத்தமாக ஏலம் விட்டார்கள், எட்டு லட்சம் டாலருக்குப் போனது. பையனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இத ஓட்டாம வெச்சுக்கலாமாண்ணே?" என்று கேட்டான். கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் ஓட்டப் போய்விட்டான். மூன்றாவது வாரப் போட்டோவில் மாட்டு வயிற்றில் சிவப்புக் கோடுகள் ஏழோ எட்டோ இருக்கின்றன, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. வலது காலைத்தான் முன்னால் வைத்து ஓட்டுகிறான் என்பது அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.